யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு கொள்முதல் அறிக்கை. ஒளித்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்காக இருக்கும் மாட்டுப் பண்ணையில், மணல்மேட்டுப் பக்கத்து வேலைக்கு எந்த ஏடிவி, அதாவது மணலில் ஓடுகிற சின்ன நாலு சக்கர வண்டி, வாங்கலாம் என்று ஆங்கிலத்தில் இரண்டரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதுதான் மூலம்.

தமிழில் என்னுடைய மூன்று சிறுகதைகள் அச்சாகியிருக்கின்றன. படித்தவர்கள் பத்திரிகை ஆசிரியர், மெய்ப்புப் பார்த்தவர், என் தம்பி. தம்பி பாதியில் விட்டுவிட்டான். அறிக்கையை ஐந்து பேர் கடைசிவரை படித்தார்கள். அவர்களில் ஒருவர் மஞ்சள் மையால் ஒரு வரியைத் தீட்டினார். தீட்டிய வரி அப்படியே நடந்தது. சொன்னது பலிக்கிற எழுத்து வேண்டும் என்று சின்ன வயதில் சாமியிடம் கேட்டிருக்கிறேன். எந்த மொழியில் என்று சொல்ல மறந்துவிட்டேன் போல.

அந்த ஒரு வரியால் ஹூபர்ட் என்கிறவனுக்கு அவன் அப்பன் மண்ணுக்குப் போகிற வழி அடைபட்டது. கதை அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் எவ்வளவு நல்லவன் என்று உங்களை நம்பவைக்கும் முயற்சி. ஏமாறாமல் படியுங்கள்.

2

முதல் வரி அமையவில்லை. முயன்றவை:

செம்மண் மேடுகளின் மீது சூரியன் தன் கடைசிக்

(பத்தொன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன். சூரியன் மறையும் நேரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில்தான் மல்லாந்து கிடந்திருக்கிறேன். பார்க்காததை எழுதுவானேன்.)

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் வடமேற்கில்

(இது தபால் விலாசம்.)

மாமியார் அன்றைக்கும் கிளம்ப மறுத்தாள்.

இது இருக்கட்டும்.

மாமியார் என்பது பழைய குவாட் பைக், நாலு சக்கர மோட்டார் சைக்கிள். பெயர் வைத்தவன் ஹூபர்ட். அவன் இந்த மண்ணின் பூர்வகுடி. அவன் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது, அவள் வருகிற பாதையில் இவன் எதிரே போகக் கூடாது. அந்தக் குவாடையும் முன்பக்கமாகப் போய்க் கிளப்ப முடியாது. பின்னால் போய், முதுகு காட்டி நின்று, இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, கார்புரேட்டரை ஸ்பேனர் பிடியால் மூன்று தட்டு தட்டி, சோக்கைப் பாதி இழுத்து, கயிற்றை ஒரே ஒரு தடவை சுண்டிவிட்டு, ஒரு சிகரெட் எரிகிற நேரம் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு மறுபடி சுண்டினால் கிளம்பும். ஹூபர்ட்டுக்கு மட்டும்.

நான் டிப்ளமோ படித்தவன். தட்டும் அதே, சாய்வும் அதே. எனக்குக் கிளம்பியதே இல்லை. "நீ அவளைப் பாக்குற, மச்சான்," என்பான். "பாத்தா வெக்கப்படுவா."

(மச்சான் என்பது மொழிபெயர்ப்புக்காக நான் போட்ட சொல் இல்லை. வந்த நாலாம் வருஷம் அவன் குடும்பம் எனக்கு ஒரு உறவுமுறை கொடுத்தது. அந்த முறைப்படி அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான். இதை ஆங்கிலத்தில் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். தமிழில் ஒரே சொல்லில் அடங்குகிறது. பண்ணையில் மற்ற எல்லோருக்கும் நான் சூக். சொக்கநாதன் என்ற பெயரை அவர்கள் வாய் அந்த அளவுக்குச் சுருக்கியது. இங்கே அதற்குக் கோழி என்று அர்த்தம்.)

3

கதாபாத்திரத்தின் தொழிலைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பத்திரிகை ஆசிரியர் ஒருமுறை எனக்கு எழுதியிருந்தார். சொல்கிறேன்.

பண்ணையின் தெற்குக் கோடியில் மணல்மேடுகளுக்கு நடுவே எட்டு போர் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு, பம்பு, ஒரு தொட்டி, மாடு குடிக்க ஒரு நீளத் தாழி. எட்டையும் சுற்றிவர எழுபது கிலோமீட்டர். ஜீப்பு, லாரி எதுவும் அந்த மணலில் போகாது. வாரத்துக்கு மூன்று நாள் ஒருவன் போய் மிதவை அடைத்திருக்கிறதா, பம்பு ஓடுகிறதா, தாழியில் எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜனவரியில் ஒரு தாழி வற்றினால் இரண்டு நாளில் இருநூறு மாடு போய்விடும்.

அந்த ஒருவன் நாற்பத்தொரு வருஷமாக ஹூபர்ட். முதலில் குதிரையில் போனான். பிறகு மோட்டார் சைக்கிள். பிறகு மாமியார். வயது அறுபத்தொன்று. இடுப்பு மூட்டில் இரும்பு வைத்திருக்கிறார்கள்.

ஆறாம் நம்பர் போர் இருக்கிற இடத்தில் ஒரு பாறையும் இரண்டு மரமும் உண்டு. அவன் அப்பன் பிறந்த இடம். அது அவன் பொறுப்பு. பொறுப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றான். "போகணும். போயி, வந்துட்டேன்னு சொல்லணும். போகலைன்னா அதுக்குத் தெரியும்."

சட்டப்படி அவன் எப்போது வேண்டுமானாலும் அங்கே போகலாம். சட்டத்துக்கு அந்த மணலில் நடந்து பார்த்த அனுபவம் கிடையாது. அவனிடம் வண்டி கிடையாது. பண்ணை வேலையாகப் போனால்தான் போக முடியும். வாரம் மூன்று நாள், கம்பெனி பெட்ரோலில், கம்பெனிக்குத் தெரியாமல் அவன் தன் அப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதையில் யாருக்கு எது போகும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் அப்போது தெரியவில்லை.

4

நவம்பரில் மாமியார் ஆறாம் போருக்கும் ஏழாம் போருக்கும் நடுவே நிரந்தரமாகக் கண்ணை மூடினாள். இன்ஜின் பிளாக் வெடித்திருந்தது. தட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஹூபர்ட் ஒன்பது மணி நேரம் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். தேடிக்கொண்டு போன எங்களைப் பார்த்து, ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்டான்.

பண்ணையை நடத்துகிற கெரின் மறுநாள் பட்டறைக்கு வந்தாள். "சூக், நம்பகமா ஒண்ணு பாரு. அழகு வேணாம், வேகம் வேணாம். காலைல போனா சாயங்காலம் வரணும், அவ்வளவுதான். எழுதிக் கொடு, மேல அனுப்புறேன்." மேல் என்பது அடிலெய்டில் இருக்கிறது. பண்ணை கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி யாருக்குச் சொந்தம் என்று யாருக்கும் தெரியாது.

நம்பகம் என்ற சொல்லைப் பற்றி இந்த இடத்தில் ஒரு கட்டுரைத் துண்டு எழுதியிருந்தேன். ஒரு மனிதனை நம்புவதும் ஒரு வண்டியை நம்புவதும் எப்படி

(எடுத்துவிட்டேன். தத்துவம் பேசுகிற மெக்கானிக்கிடம் யாரும் வண்டி விட மாட்டார்கள்.)

பாலைவனத்து வண்டிக்கு என்ன பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவைக்கிறேன். இந்தக் கதையில் உங்களுக்கு உபயோகப்படக் கூடியது இது ஒன்றுதான். ரேடியேட்டர் தாழ்வாக இருக்கக் கூடாது. புல் விதை அடைத்து அரை மணியில் கொதித்துவிடும். வண்டியின் வயிற்றுத் தகட்டைச் சுலபமாகக் கழற்ற முடிய வேண்டும். ஸ்பினிஃபெக்ஸ் புல் அங்கேதான் சேரும், சைலன்சர் சூட்டில் அங்கேதான் தீப்பிடிக்கும். ஏர் ஃபில்டர் மூக்கு சீட்டுக்கு மேலே இருக்க வேண்டும். பின்னால் கட்டுகிற தண்ணீர் டிரம் ஒன்று நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக இருக்க வேண்டும். பாதி டிரம் மேட்டில் அலைபாய்ந்து ஆளைக் கவிழ்த்துவிடும். கடைசியாக, அந்த வண்டியின் பெல்ட் ஒரு நாள் பயணத்துக்குள் கிடைக்கிற கடையில் இருக்க வேண்டும். ஜப்பானில் இருந்தால் பிரயோஜனமில்லை.

நான் பார்த்தும் எழுதாமல் விட்ட இன்னொன்றும் உண்டு: இடுப்பில் இரும்பு வைத்தவன் ஏற முடிய வேண்டும். எனக்கு இருந்த ஒரே நிபந்தனை அதுதான்.

5

டிசம்பரில் ஊர்க் கடைக்காரன் மூன்று வண்டிகளை ஒரு வாரத்துக்குக் கொடுத்தான். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. கம்பெனிப் பெயர்களைச் சொல்ல மாட்டேன். எழுத்தில் நான் யாரையாவது பாராட்டினால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டேன்.

சிவப்பு, மாமியார் மாதிரியே குதிரை வாட்டத்தில் ஏறி உட்காருகிற குவாட், அவளைவிட உயரம். ஹூபர்ட் வலது காலைக் கையால் பேன்ட்டோடு பிடித்துத் தூக்கிப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டான். "குதிரைன்னா நமக்கு நோவுன்னு தெரிஞ்சா அசையாம நிக்கும், மச்சான். இதுக்கு அந்த மரியாதை இல்லை."

மஞ்சளும் பச்சையும் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற சாதி. இங்கே அதைப் பக்கி என்பார்கள். நம் ஊரில் அது வசவு என்று ஹூபர்ட்டிடம் சொன்னேன். அதிலிருந்து மஞ்சள் வண்டியை அவன் தமிழில் திட்டிக்கொண்டிருந்தான். மஞ்சளுக்கு சீட் பெல்ட் போடவில்லையென்றால் கூவும், வேகம் எடுக்காது. வழியில் பதினோரு கேட்டு உண்டு. ஒவ்வொன்றுக்கும் இறங்கி, திறந்து, ஏறி, ஓட்டி, இறங்கி, மூடி, ஏற வேண்டும். நாலாவது கேட்டில் அவன் பெல்ட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டான். எட்டாவது கேட்டில் வண்டி அதைக் கண்டுபிடித்துவிட்டது. "இதை உங்க ஊருக்கு அனுப்பிடு. பள்ளிக்கூடம் நடத்தட்டும்," என்றான்.

ஒரு நாள் உச்சி வெயிலில், நாற்பத்து நாலு டிகிரியில், மூன்றையும் இன்ஜின் கொதிக்கக் கொதிக்க அணைத்து மணலில் நிறுத்தினோம். இரண்டு மணி நேரம் கழித்து எது கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் இங்கே உண்மையான பரீட்சை. சிவப்பு இருமிவிட்டு அடங்கியது. மஞ்சள் கிளம்பியது, ஆனால் திரை கறுத்துவிட்டது. பச்சை, காத்துக்கொண்டிருந்த மாதிரி கிளம்பியது.

ஹூபர்ட் பச்சையில் ஏறினான். படி தாழ்வு. காலைக் கையால் தூக்கவில்லை. உட்கார்ந்த பிறகுதான் தூக்கவில்லை என்பது அவனுக்கே தெரிந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், இதுல நான் எழுபது வயசு வரைக்கும் ஓடுவேன்."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, இடுப்பை மட்டும் எழுதிவிடாதே என்றான். எழுதினால் பாதுகாப்பு அதிகாரி மணல்மேட்டுக்கு விட மாட்டார். சத்தியமாக எழுத மாட்டேன் என்று சொன்னேன். சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதுதான் வினை.

6

இனி அந்த வரி.

அன்று சாயங்காலம் அறிக்கையில் பச்சை வண்டியின் சிறப்புகளை எழுதிக்கொண்டு வந்தபோது இந்த இடத்தில் நின்றேன். அவன் ஏறலாம் என்று சொல்ல வேண்டும், அவனால் ஏன் மற்றதில் ஏற முடியாது என்பதைச் சொல்லக் கூடாது. ஒரு பெயரை மறைக்க வேண்டும். பெயரை மறைக்க எழுத்தாளன் செய்வதைச் செய்தேன். பொதுவாக்கினேன்.

முதலில் எழுதியது: வயதான ஊழியர்களுக்கு ஏற்றது. (வயது என்றாலே சந்தேகம் வரும்.)

பிறகு: ஏறி இறங்க எளிது. (ஏன் எளிது வேண்டும் என்று கேட்பார்கள்.)

பிறகு எழுதியது: தனித் திறமையோ பழக்கமோ தேவையில்லை; யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

ஆங்கிலத்தில் அது இன்னும் சின்னதாக, அழகாக இருந்தது. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஓசை நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இதை மறைக்காமல் சொல்கிறேன்: சந்தோஷப்பட்டேன்.

அதோடும் விடவில்லை. ஜனவரியில் பச்சை வந்ததும் ஒரு நாள் முழுக்க ஹூபர்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு போரையும் சுற்றினேன். எந்த மேட்டை எந்தச் சரிவில் ஏறுகிறான், எங்கே மணல் இறுகியிருக்கிறது, எங்கே சுற்றிப் போகிறான், அத்தனையும் வண்டியின் திரையில் கோடாகப் பதிந்தது. அதைச் சேமித்தேன். மாமியார் காலத்து ஒன்பது மணி நேரம் இனி வரக் கூடாது, எங்காவது நின்றுவிட்டால் நேராகப் போய் எடுத்து வரலாம் என்ற அக்கறைதான். நாற்பத்தொரு வருஷத்தை ஒரு விரலால் அமுக்கிச் சேமித்தேன். "ஸேவ்" என்றுதான் பொத்தானில் போட்டிருந்தது.

7

பிப்ரவரியில் கூட்டம். அலுவலகச் சுவரில் திரை, திரையில் அடிலெய்டு, அடிலெய்டில் மூன்று பேர். பேசியவர் பெயர் லாக்லன். இந்தப் பக்கம் கெரின், ஹூபர்ட், நான். புது வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் புள்ளிவிவரத்தோடு போயிருந்தேன்.

ஹூபர்ட்டின் சேவைக்கு நன்றி சொன்னார்கள். சான்றிதழ் தபாலில் வரும் என்றார்கள். தெற்குச் சுற்றுக்கு நிரந்தர ஆள் தேவைப்பட்டது பழைய வண்டியின் தனிப்பட்ட குணத்தாலும் வழி தெரிந்தவர் ஒருவரே என்பதாலும்தான். இப்போது அந்த இரண்டு தடையும் நீங்கிவிட்டன. இனிமேல் பருவத்துக்கு வருகிற ஆட்களே அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வேலையோடு சேர்ந்த வீட்டை மார்ச் கடைசிக்குள் ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

இது எங்கள் கருத்து மட்டும் இல்லை, உங்கள் சொந்த மெக்கானிக்கின் மதிப்பீடு என்று சொல்லி, மஞ்சள் தீட்டிய வரியை லாக்லன் படித்தார். நிறுத்தி, நிதானமாக, நல்ல உச்சரிப்போடு. என் எழுத்தை ஒருவர் சபையில் வாசித்தது அது முதல் தடவை.

நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். இரண்டாம் வரைவில் நான் எழுந்து நின்று அரைப் பக்கம் பேசினேன். நல்ல வசனம், இப்போதும் வைத்திருக்கிறேன். நடந்தது இது. "நான் அந்த அர்த்தத்துல எழுதல," என்றேன். வேறு எந்த அர்த்தத்தில் என்று லாக்லன் மரியாதையாகக் கேட்டார். சொன்னால் இடுப்பைச் சொல்ல வேண்டும். ஹூபர்ட்டைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. வேலை போன பிறகும் எந்த இடுப்பை மறைக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது: நான் அறிக்கையில் மறைத்தது வெளியே வந்தால் என் வேலையும் போகும் என்று யோசித்திருக்கிறான்.

வெளியே வந்ததும், "நல்ல வண்டி அது, மேட்," என்றான். மேட் என்பது பெட்ரோல் பங்க் ஆளைக்கூட இங்கே கூப்பிடுகிற வார்த்தை. பதினைந்து வருஷத்தில் என்னை அவன் அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

8

கெரினை வில்லியாக்க எவ்வளவோ முயன்றேன். அவள் ஒத்துழைக்கவில்லை. கூட்டம் முடிகிறவரை மேஜையின் மர ரேகைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஹூபர்ட் கிளம்பிய நாள் கேக் செய்துகொண்டு வந்தாள். நடுவில் வேகவில்லை, எல்லோரும் சாப்பிட்டோம். அவனை முந்நூற்றுப் பத்து கிலோமீட்டரும் தன் காரில் கொண்டுபோய் ஊரில் அவன் மகள் வீட்டில் விட்டதும் அவள்தான். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது?

அவன் இடத்துக்கு வந்த ஃபெம்கேயும் அப்படியே. ஹாலந்துக்காரி, இருபத்தொன்பது வயது, அங்கே பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். ஊர் சுற்ற வந்தவள் ஆறு மாதத்துக்கென்று இங்கே தங்கினாள். முதல் நாள் திரையில் இருந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள், நாலே முக்காலுக்குத் திரும்பிவிட்டாள். ஹூபர்ட் எப்போதும் ஐந்தரைக்குத்தான் வருவான். அந்த முக்கால் மணி நேரம் ஆறாம் போரில் செலவானது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அந்த இடத்தில் கோடு ஏன் தொட்டியைத் தாண்டிப் போய் இரண்டு மரத்தைச் சுற்றி வருகிறது என்று ஒரு நாள் கேட்டாள். பதிவு செய்ததில் பிழை என்று சொன்னேன். மறுநாள் அவளே அதைத் திருத்தி நேராக்கிவிட்டாள். வேலையில் சுத்தம்.

9

முடிவுகள்.

முதல் முடிவு: நீங்கள் எதிர்பார்க்கிறது. மார்ச் வெயில், தாழி வற்றுகிறது, திரைக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஹூபர்ட்டுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, மாடுகள் சாகின்றன, கம்பெனி அவன் காலில் விழுகிறது. இதை நானும் எதிர்பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், வேண்டிக்கொண்டேன். ஒரு மாடுகூடச் சாகவில்லை. ஒரு மிதவை அடைத்தது, ஃபெம்கே கையை விட்டு எடுத்தாள். பச்சை வண்டி இன்றுவரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் எழுதியது அத்தனையும் உண்மை. அதுதான் கசக்கிறது.

இரண்டாம் முடிவு: ஹூபர்ட் யாருக்கும் தெரியாமல் வந்து பச்சையை எடுத்துக்கொண்டு மேட்டைத் தாண்டி மறைகிறான். (வண்டி எங்கே இருக்கிறது என்று திரையில் தெரியும். பத்து நிமிஷக் கதை.)

மூன்றாம் முடிவு: மனசாட்சி உறுத்தி மெக்கானிக் வேலையை விட்டுவிடுகிறான். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. மெக்கானிக் வேலையை விடுவானா? அவனுக்கு ஐம்பத்து நாலு வயது. மாமியார் இருந்தபோது வாரத்தில் இரண்டு நாள் அவளோடு மல்லுக்கட்டுவேன். இப்போது பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிறேன். நிற்காத வண்டிக்கு மெக்கானிக் எதற்கு என்ற கேள்வி அடிலெய்டில் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாமல் இருக்க வேண்டும் என்று குனிந்த தலையோடு நடமாடுகிறேன். கோழி என்று பெயர் வைத்தவன் தீர்க்கதரிசி.

10

ஹூபர்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறான். ஏப்ரலிலிருந்து மறுபடியும் மச்சான்தான். மன்னித்துவிட்டான், இல்லையென்றால் ஊரில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மகள் வீட்டுக்கு எதிரே டயர்க் கடை. காற்றடிக்கிற சத்தத்தில் பாதி கேட்காது.

ஏப்ரலில் ஒன்று கேட்டான். ஒரே ஒரு நாள் ஆறாம் நம்பருக்குக் கூட்டிக்கொண்டு போவாயா என்று. பச்சையில் இரண்டாவது சீட் இருக்கிறதே என்றான். ஊழியர் அல்லாதவர் ஏறக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் பண்ணையை நடத்துகிறவர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் ஏறலாம். இரண்டு வரி, ஒரு கையெழுத்து. கெரினிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இது ஆகஸ்ட்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையைப் பற்றி அவனிடம் சொன்னேன். இதுவரை எழுதியதை வரிவரியாக அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தேன். மாமியார் வருகிற இடத்தில் சிரித்தான். வண்டி பரீட்சையில், சிவப்பு இருமவில்லை, விக்கியது என்று திருத்தினான். கூட்டத்தைக் கேட்டு முடித்ததும் கேட்டான்:

"கடைசில நான் எங்க இருக்கேன்?"

"டவுன்ல. உன் மக வீட்டுல."

"அப்படியே முடிச்சிருவியா?"

"மூணு முடிவு வெச்சிருக்கேன். எது பிடிக்குதுன்னு சொல்லு," என்றேன். மூன்றையும் சொன்னேன்.

டயர்க் கடைச் சத்தம் ஓய்கிறவரை காத்திருந்தான். "எதுலயும் நான் அங்க போகலையே, மச்சான். முடிச்சிடாத. அச்சுல முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் நான் போகவே இல்லைன்னு ஆயிடும்." அப்புறம், பேச்சோடு பேச்சாக, "அந்தம்மாகிட்டக் கேட்டியா?" என்றான்.

கேட்கிறேன் என்றேன். நாலு மாதமாகச் சொல்கிற அதே சொல்.

11

நாலு மாதமாக ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஒன்பதாவது பகுதியில் காரணம் இருக்கிறது. எழுதும்போது அது காரணமாகத் தெரிந்தது. இப்போது படித்தால் வெறும் வாக்கியமாகத் தெரிகிறது.

கேட்பதற்குப் பதிலாக நான் செய்தது இந்தக் கதை. இத்தனை பக்கமும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்கு நான் கண்டுபிடித்த கௌரவமான வழி. கேட்டால் முடியாது என்று சொல்லக்கூடும். ஏன் என்று கேட்கக்கூடும். ஏன் என்றால் அந்த இரண்டு மரத்தையும் இடுப்பையும் அறிக்கையையும் எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். சரி என்று அவள் உடனே சொல்லிவிட்டால் அதைவிட மோசம்: நாலு மாதம் ஒருவனைக் காக்கவைத்தது கம்பெனி இல்லை, நான் என்று ஆகிவிடும்.

இன்று புதன். காலை ஒன்பதரை. கெரின் ஆறு வார விடுமுறையில் கிளம்புகிறாள். அவள் வரும்வரை பண்ணையைப் பார்த்துக்கொள்ள அடிலெய்டிலிருந்து லாக்லன் வருகிறார். அவரிடம் கேட்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். பட்டறை வாசலில் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கெரின் எதிரே காரில் பெட்டிகளை ஏற்றுகிறாள். இங்கிருந்து நாற்பது அடி. நாயைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டாள். நாய் இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றுகிறாள்.

ஹூபர்ட் முடிக்காதே என்று சொல்லியிருக்கிறான். முடிக்கவில்லை. எழுந்தேன், நாற்பது அடி நடந்தேன், கேட்டேன் என்று ஒரு வரி எழுத எனக்கு அரை நிமிஷம் போதும். அதை நீங்கள் நம்பிவிடுவீர்கள். பிறகு நான் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அவள் டிரைவர் கதவைத் திறந்துவிட்டாள். என்னைப் பார்த்துக் கை காட்டுகிறாள். நான் பேனாவோடு கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.

நீங்கள் படிக்கிறவரை நான் எழுதுவேன். என் குணம் எனக்குத் தெரியும். தயவுசெய்து இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.